கடைசியாகக் கை திறந்தவள்

நம் வயதுக்காரர்களில், பெற்ற தகப்பனை வாசலில் பார்த்துவிட்டு உள்ளே ஓடிப்போய் "யாரோ வந்திருக்காங்க" என்று சொன்னவர்கள் பலர் இருப்பீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன். வெளிநாடு போவதை எங்கள் ஊரில் சபுர் போவது என்பார்கள். தெருவில் முக்கால்வாசி ஆண்கள் சபுரில்தான் இருந்தார்கள். அத்தா என்றால் எங்களுக்கு அம்மாவின் பீரோவில் இருந்த ஒரு புகைப்படமும், அவ்வப்போது யார் கையிலாவது வந்து சேரும் ஒலிநாடாவும்தான். டேப் ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து அந்தக் குரலுக்கு ஸலாம் சொல்வோம். அது நாங்கள் சொன்னதைக் கேட்காமல் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டு போகும்.

எழுதுவதற்கு இப்போது உடம்பில் தெம்பு இல்லை. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள், வீட்டில்தான் ஓய்வு கொடுக்கவில்லை. ஆனால் போன மாதம் வேதாரண்யம் பக்கம் போய் லாத்தாவைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அந்த ஒரு மழைக்காலம் மனசை விட்டு நகர மாட்டேன் என்கிறது. லாத்தா என் அக்காள். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு அண்ணன்.

அது ஐப்பசி. அடைமழை பிடித்துக்கொண்டிருந்தது. வாடகைக் கார் ஒன்று சேற்றைத் தெளித்துக்கொண்டு வந்து நின்றது. இறங்கியவர் என்னைத் தூக்கப் பார்த்தார். நான் கையை உதறிவிட்டு உள்ளே ஓடிச் சொன்னதுதான் மேலே சொன்ன வாக்கியம். அம்மா அழுதாள், சிரித்தாள், தலையில் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள். அத்தா என்னைத் திரும்பத் தூக்கப் பார்க்கவில்லை.

பெட்டியைத் திறந்ததும் வீடே சோப்பும் தைலமுமாக மணத்தது. துணிகள், சென்ட்டு பாட்டில், அண்ணனுக்குக் கைக்கடிகாரம், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தட்டையான அட்டைப்பெட்டி. அத்தாவோடு ஒரே அறையில் இருந்த வேறு நாட்டுக்காரர் ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது, பிள்ளைகளுக்கு இருக்கட்டும் என்று கொடுத்ததாம். உள்ளே மடிக்கிற பலகை ஒன்று. அதன் ஒரு மூலையில் பச்சை மலை, எதிர் மூலையில் நீலக் கடல். இரண்டுக்கும் நடுவே வளைந்து வளைந்து ஓர் ஆறு, ஆறு முழுவதும் கட்டங்கள். மரத்தில் செய்த நான்கு குட்டிப் படகுகள். படம் மட்டும் போட்ட சீட்டுகள். இரண்டு பகடைக் காய்கள். எப்படி ஆட வேண்டும் என்று சொல்லும் காகிதம் மட்டும் இல்லை. அத்தாவுக்கும் தெரியவில்லை. யாரும் அதை ஆடி அவர் பார்த்ததில்லையாம்.

பெரியத்தா, அத்தாவின் அண்ணன், எங்கள் கூட்டுக் குடும்பத்துக்கு மூத்தவர். நெல் வியாபாரம் செய்துவந்தார். பெட்டியைப் பார்த்ததும் பகடை இரண்டையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பகடை உருட்டுவது மார்க்கத்தில் ஆகாது, மற்றதை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கோபமெல்லாம் இல்லை. மறுநாள் பாலத்தைக் கடக்கும்போது அவற்றை வெட்டாற்றில் போட்டுவிட்டதாகவும் அவரே சொன்னார். அண்ணன் ஒரு நாள் முழுவதும் சாப்பிடவில்லை. பகடை இல்லாமல் படகு எப்படி நகரும் என்பது அவன் கவலை.

லாத்தாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி அப்போது மூன்று வருஷம் இருக்கும். வயதுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். அது ஒரு செய்தியாகவே யாருக்கும் தோன்றவில்லை. பலகையை அவள்தான் அடுப்படிக்கு எடுத்துப் போனாள். ஈர விறகு புகைந்துகொண்டிருக்கும். கண்ணைக் கசக்கிக்கொண்டே அவள் படகுகளை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பாள். பிறகு என்னையும் அண்ணனையும் கூப்பிட்டு உட்கார வைப்பாள்.

முதலில் சீட்டை எடுத்து ஆடச் சொன்னாள். பறவை வந்தால் இத்தனை கட்டம், விளக்கு வந்தால் இத்தனை என்று. மழை ஈரத்தில் சீட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சுருண்டன. எது விளக்கு என்பதைச் சீட்டின் முதுகைப் பார்த்தே அண்ணன் கண்டுபிடித்துவிட்டான். அதோடு சீட்டு போயிற்று. அப்புறம் ஒரு நாள், "எல்லாரும் கைய மூடிக்குங்க. ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் மனசுல நெனச்சிக்கிட்டு ஒரே நேரத்துல வெரல நீட்டணும்" என்றாள். மலையடிவாரத்திலிருந்து கடல் வரை, நீட்டிய எண்ணிக்கைக்குப் படகு நகரும். ஆனால் இரண்டு பேர் ஒரே எண்ணிக்கையை நீட்டிவிட்டால் இரண்டு படகும் அப்படியே நிற்கும். அவ்வளவுதான் ஆட்டம்.

எடுத்த எடுப்பில் மூன்று பேரும் ஐந்தை நீட்டினோம். யாரும் நகரவில்லை. அடுத்த முறையும் ஐந்து. சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் மற்றவர் என்ன நினைப்பார் என்று யோசிக்க ஆரம்பித்தோம். யோசிக்க ஆரம்பித்ததும் ஆட்டம் பிடித்துக்கொண்டது.

பிடித்துக்கொண்டதே தவிர சரியாக வரவில்லை. ஆறு மிக நீளம். சோறு வடித்து முடித்த பிறகும் படகுகள் பாதி வழியில் கிடக்கும். லாத்தா தன் சிவப்பு ரிப்பனை ஆற்றின் குறுக்கே வைத்து, இனி இதுதான் கடல் என்றாள். அடுத்தது என்னால் வந்த தொல்லை. பின்தங்கிவிட்டால் எனக்கு அழுகை வரும். ஒரு நாள் பலகையையே கவிழ்த்துவிட்டேன். அண்ணன் என்னைச் சேர்க்க வேண்டாம் என்றான். அவள் என்னைத் திட்டவில்லை. தோற்கப்போகிறவள் கடைசி வரை எதற்காக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதைத்தான் யோசித்திருக்கிறாள். மறுநாள் ஒரு விதியைச் சேர்த்தாள். யார் படகு எல்லாருக்கும் பின்னால் நிற்கிறதோ அவர் மட்டும் மற்றவர்கள் கையைப் பார்த்துவிட்டுக் கடைசியாகக் கை திறக்கலாம். யாரோடும் மோதாத எண்ணைக் காட்டித் தன் படகை நகர்த்திக்கொள்ளலாம். இல்லையென்றால் முன்னால் போகிறவர் காட்டியதையே காட்டி அவரை நிறுத்திவிடலாம். அப்படி நிறுத்தினால் தானும் நிற்க வேண்டும்.

அதற்குப் பிறகு நான் பலகையைக் கவிழ்க்கவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய காலத்தில் எத்தனையோ விளையாட்டுகளைப் பார்த்துவிட்டேன். பாதியில் ஒரு பிள்ளையை வெளியே உட்கார வைக்காத விளையாட்டு அதிகம் இல்லை.

அத்தா முதலில் ஒதுங்கித்தான் இருந்தார். வீட்டில் எங்கே உட்கார வேண்டும் என்றே அவருக்குத் தெரியாததுபோல் இருக்கும். மழையில் வெளியே போகவும் முடியாது. மஃரிப் தொழுதுவிட்டு வந்து கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் லாத்தாதான் நாலாவது படகைப் பலகையில் வைத்து, "ஆளு கொறையுது அத்தா" என்றாள். கூடத்தில் பாய் விரித்தோம். அத்தா சம்மணம் போட்டு உட்காரச் சிரமப்பட்டார்.

ஆடிய ஆட்டமெல்லாம் தோற்றார். எங்களில் யார் எப்போது எதைக் காட்டுவோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியும். அவரை எங்களுக்கும் தெரியாது என்றாலும் பெரியவர்கள் ஐந்தைத்தான் காட்டுவார்கள் என்று ஊகிப்பது கஷ்டமாக இல்லை. கொஞ்ச நாளில் அவர் எங்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். தோற்காமல் இருப்பதற்காகத்தான் பார்த்தார், ஆனாலும் பார்த்தார். ஒரு சாயங்காலம் நான் கை மூடியிருக்கும்போதே, "சின்னவ கோவத்துல இருக்கா. ஒண்ணுதான் வைப்பா" என்றார். திறந்தேன். ஒன்றுதான். எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. என்னைப் பற்றி அவர் சொன்ன முதல் உண்மை அது. அன்றைக்குத்தான் அவர் மடியில் உட்கார்ந்தேன்.

அந்த நாட்களில் ஒரு தகராறு வந்தது. அத்தா நாலு காட்டினேன் என்றார், அண்ணன் ஐந்து என்றான். அத்தாவின் வலது கையில் மோதிர விரல் முழுதாக மடங்கவும் மடங்காது, நீளவும் நீளாது. பாதியில் நிற்கும். அண்ணன் அந்த விரலைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். அத்தா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கம்பெனியில் கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்றார். அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஆபீசில் மேற்பார்வை வேலை பார்ப்பதாகத்தான் ஊரில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அம்மாவும்.

மறுநாள் லாத்தா ஒரு கிண்ணம் நிறையப் புளியங்கொட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். விரல் காட்டினால் சண்டை வருகிறது, இனிமேல் கொட்டையைக் கைக்குள் வைத்துத் திறப்போம் என்றாள். நான் விரலே நன்றாக இருந்தது என்று அடம்பிடித்தேன். அவள் எதற்காக மாற்றினாள் என்பது எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகுதான் புரிந்தது. அத்தாவுக்கு அன்றைக்கே புரிந்திருக்கும். கொட்டைகளை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அவளை அவர் சரியாகப் புரிந்துகொண்டார் என்று சொல்ல மாட்டேன். இந்த ஆட்டத்தை யார் சொல்லிக்கொடுத்தது என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். லாத்தா செஞ்சது என்று அண்ணன் சொல்லுவான். அத்தா சிரித்துக்கொண்டே, இவன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான் இல்லையா, கெட்டிக்காரன், அக்காளுக்கு விட்டுக்கொடுக்கிறான் பாருங்கள் என்பார். அண்ணன் மறுபடி சொன்னாலும் அதே சிரிப்புத்தான். மறைத்துவைத்து ஏமாற்றிய கதை இல்லை இது. சொன்னோம், காதில் ஏறவில்லை.

ஏறாததற்கு ஒரு காரணம் உண்டு. லாத்தா ஒரு ஆட்டத்திலும் ஜெயித்ததில்லை. அவள் படகு எப்போதும் எல்லாருக்கும் பின்னால் நிற்கும். கடைசியாகக் கை திறக்கும் உரிமை அனேகமாக அவளிடம்தான் இருக்கும். அதை வைத்துத் தன் படகை நகர்த்திக்கொள்ள மாட்டாள். அண்ணன் முன்னால் போனால் அவன் எண்ணைக் காட்டி அவனை நிறுத்துவாள். நான் போனால் என்னை. அத்தா போனால் அத்தாவை. மற்ற மூன்று படகுகளும் முட்டிமோதிக்கொண்டு ரிப்பன் பக்கம் வரும். யார் ஜெயிப்பார் என்று கடைசி வரை தெரியாது. மழையில் ஊரே முடங்கிக் கிடக்க எங்கள் வீட்டில் மட்டும் கூச்சல் கேட்கும். அவள் படகு மலையடிவாரத்தை விட்டு வந்திருக்காது.

"நகர வழியிருந்தும் நகரத் தெரியலையே புள்ளைக்கு" என்று அத்தா ஒரு நாள் அம்மாவிடம் வருத்தமாகச் சொன்னார். எங்கள் எல்லாருடைய கையையும் ஓரளவு கண்டுபிடிக்கப் பழகியிருந்தார். அவள் கையை ஊகிக்க வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை. அவள்தான் எல்லோரும் திறந்த பிறகு திறக்கிறாளே.

வேதாரண்யத்துப் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையும் சபுராளி. அவரும் விடுமுறையில் வந்திருந்தார், திரும்பிப் போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். அந்த வீட்டுப் பெண்கள் உள்ளறையில் உட்கார்ந்து வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டே லாத்தாவைப் பற்றி விசாரித்தார்கள். பெரியத்தாவின் மனைவி, எங்கள் பெரியம்மா, பெருமையாகச் சொன்னாள்: "சூதுவாது தெரியாத புள்ள. வெளையாட்டுல கூட ஜெயிக்கத் தெரியாதுன்னா பாத்துக்குங்க." வந்தவர்கள் முகம் மலர்ந்தது. லாத்தா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பதினேழு முடிந்திருக்கவில்லை.

கார்த்திகையில் மழை கொஞ்சம் விட்ட ஒரு வெள்ளிக்கிழமை நிக்காஹ் நடந்தது. பந்தலுக்கு வெளியே சம்பா நாற்று தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்ததும், பிரியாணி வாசனையோடு சேற்று வாசனை கலந்து வந்ததும் ஞாபகம் இருக்கிறது. சாயங்காலம் அவளைக் காரில் ஏற்றி அனுப்பினார்கள். நான் தூங்கிவிட்டேனாம்.

அதற்கு அடுத்த நாள் அத்தாவே பாயை விரித்தார். மூன்று பேர் ஆடினோம். அண்ணன் விறுவிறுவென்று போய் ஜெயித்தான். இன்னொன்று ஆடினோம், அதுவும் அப்படியே. மூன்றாவது ஆட்டத்தில் எனக்குப் பழையபடி அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன இது, சப்புன்னு இருக்கு?" என்றார்.

"லாத்தா இருந்தா முன்னாடி போறவங்கள நிறுத்திரும்" என்றான் அண்ணன்.

அத்தா தன் படகை மலையடிவாரத்துக்கு எடுத்துப் போய் வைத்தார். நான் பின்னால் நிற்கிறேன், நீங்கள் ஆடுங்கள் என்றார். இரண்டு முறை அண்ணனை நிறுத்தினார். மூன்றாவது முறை மனசு கேட்கவில்லை, ஐந்து கொட்டையைத் திறந்து தன் படகை நகர்த்திக்கொண்டார். நகர்த்திவிட்டு ஒரு மாதிரி சிரித்தார். அப்புறம் அந்தச் சிரிப்பும் போய்விட்டது. அன்றைக்கு அதற்குமேல் ஆடவில்லை.

கல்யாணம் ஆன அடுத்த வாரம் லாத்தாவையும் மச்சானையும் விருந்துக்கு அழைத்திருந்தோம். காலையில் இருவரும் வந்தார்கள். மச்சான் சாப்பிட்டுவிட்டுத் திருவாரூரில் யாரையோ பார்க்கப் போனார், சாயங்காலம் அஸர் தொழுகைக்கு மேல் வந்து கூட்டிப்போவதாகச் சொன்னார். லாத்தா பட்டுப்புடவையோடு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தில் கை வைத்தாள். அத்தா அவளைக் கூப்பிட்டார். பாய் விரித்திருந்தது.

"இன்னிக்கு நீ யாரையும் நிறுத்தாத. ஒனக்காக ஆடு" என்றார்.

"வேணாம் அத்தா. நல்லா இருக்காது."

"பரவால்ல. ஆடு."

அவள் வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கடைசியாகத் திறக்கும் உரிமையை அன்றைக்கு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நாங்கள் கையை மூடினோம். அவளும் எங்களோடு சேர்ந்தே மூடினாள், சேர்ந்தே திறந்தாள். அவள் கொட்டை யார் கொட்டையோடும் மோதவில்லை. அடுத்த முறையும் மோதவில்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. எங்கள் முகத்தைப் பார்த்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, லேசாக ஒரு பார்வை, அவ்வளவுதான். அண்ணன் வேண்டுமென்றே தாறுமாறாக வைத்துப் பார்த்தான், அதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் பாதி ஆற்றில் இருக்கும்போது அவள் படகு ரிப்பனைத் தாண்டிவிட்டது. "இன்னொண்ணு" என்றார் அத்தா. அதுவும் அவளுக்கே. அடுத்ததும். யாரும் கத்தவில்லை. எனக்குப் பயமாகக்கூட இருந்தது, இத்தனை நாளும் பக்கத்தில் படுத்துத் தூங்கியவள் வேறு யாரோ என்பதுபோல். அண்ணன் எழுந்து போய்விட்டான்.

அத்தா கொட்டைகளைக் கிண்ணத்தில் போட்டார். தலை நிமிரவில்லை.

"ஒன்னப் படிக்க வச்சிருக்கலாம்" என்றார்.

லாத்தா படகுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் அடுக்கினாள். "அவங்க வர்ற நேரமாச்சு அத்தா. மொகம் கழுவணும்" என்று சொல்லி எழுந்து போனாள்.

அத்தாவும் இரண்டு நாளில் கிளம்பிவிட்டார். கிளம்புகிற காலையில் பெரியத்தாவிடம், சின்னவள் படிப்பை நிறுத்தக் கூடாது என்றார். பெரியத்தா பார்க்கலாம் தம்பி என்றார். பார்க்கலாம் இல்லை, நிறுத்தக் கூடாது என்று அத்தா திரும்பச் சொன்னார். தன் அண்ணனிடம் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அதற்குப் பிறகு வந்த ஒலிநாடா ஒவ்வொன்றிலும் ஸலாமுக்கு அடுத்து அதுதான் வரும், சின்னவ பள்ளிக்கூடம் போறாளா என்று. நான் வயதுக்கு வந்த மாதமும் அந்தக் கேள்வி வந்தது, என்னை நிறுத்தவில்லை. எங்கள் தெருவிலிருந்து காலேஜுக்குப் பஸ் ஏறிய முதல் பெண் நான்தான். அந்த நாடாக்கள் பூசணம் பிடித்துப் போயின. பலகையைக் கரையான் தின்றுவிட்டது. படகுகள் எங்கே போயின என்று தெரியாது.

அத்தா முடிவாக ஊர் திரும்பியபோது நாங்கள் எல்லாரும் வளர்ந்து எங்கெங்கோ போய்விட்டிருந்தோம். எங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு மழைக்காலத்தில் தெரிந்துகொண்டதுதான். எனக்கு நாற்பது வயதான பிறகும் நான் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தால், "சின்னவ ஒண்ணு வச்சிருக்கா" என்பார். அவர் மௌத்தாகி, அடக்கம் செய்து வருஷங்கள் ஆயிற்று.

போன மாதம் போனபோது லாத்தா முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நாலு பிள்ளைகளும் நாலு நாட்டில் இருக்கிறார்கள். மச்சான் படுக்கையில் விழுந்து இரண்டாவது வருஷம். நானும் ஒரு கொத்தை எடுத்து உருவினேன். எப்படியோ பேச்சு அந்த ஆட்டத்துக்குப் போயிற்று. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாயா என்று கேட்டேன். நேரம் எங்கே இருந்தது என்றாள். அடுத்த கொத்தை எடுத்துக்கொண்டு அவளாகவே சொன்னாள்:

"அன்னிக்கு நான் ஜெயிச்சிருக்கக் கூடாதுடி. அத்தா மொகம் எப்புடி ஆயிப்போச்சு. நிம்மதியா வண்டி ஏறியிருப்பாங்க."

"நீ ஜெயிச்சதாலதான் என்னப் படிக்க வச்சாங்க லாத்தா."

"தெரியும்" என்றாள். கீரைக் காம்புகளை முறத்தின் ஓரத்துக்குத் தள்ளினாள். "இருந்தாலும்."

உள்ளேயிருந்து மச்சான் தண்ணீர் கேட்டார். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நீ உட்கார், நான் கொடுக்கிறேன் என்றேன்.

"ஒனக்குத் தெரியாது. அவருக்கு எவ்வளவு சூடு வேணும்னு" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்து மெல்ல நடந்து உள்ளே போனாள்.